இல்லை மாமா பிடுங்கிய மெழுகு

அந்தத் தோல் கிரீம் கம்பெனியில் அவருடைய நிஜப் பெயர் சம்பளம் போடுபவருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் இல்லை மாமா. டப்பா மேல் ஒட்டும் லேபிளுக்கு வாசகம் எழுதுவது அவர் வேலை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதினால் எவன் வாங்குவான்? என்ன இல்லை என்று எழுதினால்தான் சரக்கு ஓடும். இந்த மகத்தான உண்மையைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

'செயற்கை நிறம் இல்லை' என்று ஆரம்பித்தார். விற்பனை எகிறியது. 'வாசனை இல்லை' என்றார். இன்னும் எகிறியது. ஒருமுறை 'ஈயம் இல்லை' என்று எழுதினார். அதில் ஈயம் என்றைக்குமே இருந்ததில்லை. ஆனால் அடுத்த கம்பெனிக்காரன் கிரீமில் இருந்து தொலைக்குமோ என்று ஜனங்கள் பயந்தார்கள். முதலாளி ஓடி வந்து மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மாமாவின் சம்பளத்தையும் அப்படியே கட்டிப்பிடித்து, உயர விடாமல் வைத்திருந்தார்.

மாமாவின் மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நோயாளிக்கு நோயாளி கை கழுவி, அதற்கு மேல் ஸ்பிரிட்டும் தடவி, விரலிடுக்கெல்லாம் வெடித்துப்போகும். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுகிறாளோ இல்லையோ, அப்பா கம்பெனி கிரீமைத் தேய்த்துக்கொள்வாள். அந்தக் கையைப் படம் எடுத்து, 'என் மகள் கையே சாட்சி' என்று மாமா ஒரு போஸ்டர் போட்டிருந்தார். கை ஆறியது கிரீமால்தான். ஆனால் தன் லேபிளால்தான் ஆறியது என்று மாமா நம்பினார். நம்பிக்கைக்கு யார் வரி போடுவது?

ஒருநாள் முதலாளி கூட்டம் போட்டார். "மாமா, அடுத்த கம்பெனிக்காரன் நம்மளைவிட ஒரு இல்லை கூடப் போட்டுட்டான். நமக்கும் ஒண்ணு வேணும். உடனே வேணும்."

மாமா டப்பாவைத் திருப்பினார். சின்ன எழுத்தில் ஒரு பெயர்: செட்டைல் ஆல்கஹால். அவருக்கு ரத்தம் கொதித்தது. "சார், இந்த ஆல்கஹால்தான் என் பொண்ணு கையைப் பாழாக்குது. அதையே நாமளும் போட்டு அவ தலையில கட்டுறோம். தூக்கிடலாம் சார்."

கம்பெனியின் கெமிஸ்ட், கல்யாணமாகி வந்த கையோடு வேலையில் சேர்ந்த பெண், எழுந்து நின்றாள். "மாமா, உங்க பொண்ணு தடவுற ஸ்பிரிட் வேற ஆல்கஹால், பறந்துபோற சாமான். போகும்போது தோல்ல இருக்கிற பசையையும் ஈரத்தையும் இழுத்துட்டுப் போயிடும். இது பறக்காது. தேங்காய் எண்ணெய், பாமாயில் மாதிரி எண்ணெய்ல இருந்து எடுக்கிற மெழுகு. பிடிங்க, நீங்களே பாருங்க."

அவர் உள்ளங்கையில் வெள்ளைச் செதில்களைக் கொட்டினாள். மாமா தேய்த்துப் பார்த்தார். வழவழவென்று இருந்தது.

"கிரீம் கெட்டியா நிக்கிறது, தண்ணியும் எண்ணெயும் பிரியாம இருக்கிறது, தடவினா தோல் மெத்துன்னு ஆகுறது, எல்லாத்துக்கும் இது வேணும். தலைக்குப் போடுற கண்டிஷனர்ல முடி சிக்கில்லாம வழுக்குதே, அதுலயும் இதுதான். யாரோ சிலருக்கு ஒத்துக்காம அரிக்கலாம், அவ்வளவுதான்."

"பேர்ல ஆல்கஹால் இருக்கா, இல்லையா?"

"இருக்கு மாமா, ஆனா..."

"அப்ப எடு!"

"எடுத்தா வேற ஒண்ணைப் போட்டுச் சரிக்கட்டணும் சார். கொஞ்சம் டைம் குடுங்க."

"இல்லாததைப் போடுறதுக்கு எதுக்கும்மா டைம்?" என்றார் முதலாளி. மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். முதலாளி வாய் திறந்தால் சிரிப்பதுதான் அவர் உத்தியோகம்.

எண்ணெயைத் தனியாக, தண்ணீரைத் தனியாகச் சுடவைத்து, கலந்து, ஆற்றினார்கள். கிரீம் பால் மாதிரி நீர்த்து வந்தது. "புது ஸ்டைல்" என்று மேனேஜர் சொல்ல, டப்பாவில் ஊற்றினார்கள். கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் கீழே, எண்ணெய் மேலே என்று பாகப்பிரிவினை முடிந்துவிட்டது. புகார் மேல் புகார். தப்பைத் திருத்துவார்களா? அதற்கா கம்பெனி நடத்துகிறார்கள்? மேனேஜர் சொல்ல, மாமா இன்னொரு வரி சேர்த்தார்: 'நன்றாகக் குலுக்கவும்!' அதுவோ அகல வாய் டப்பா, அழுத்தி மூடும் மூடி. சொன்ன பேச்சைக் கேட்டுக் குலுக்கிய ஒரு அம்மாள், தன் சுவர், சோபா, மாமியார் மூன்றுக்கும் ஒரே சமயத்தில் ஈரப்பதம் வழங்கினாள்.

மாமா மட்டும் பெருமையாகப் புது டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மகள் குலுக்கினாள், தடவினாள். தண்ணீர் சொட்டிக் கீழே போனது. எண்ணெய் கையில் பிசுபிசுத்தது. கிளவுஸ் மாட்டினால் உள்ளே வழுக்கியது. நாளாக நாளாக விரலிடுக்கில் பழைய வெடிப்பு திரும்பி வந்தது. ஒரு சாயங்காலம் வந்தவள், குழாயைத் திருக முடியாமல் முழங்கையால் தள்ளிக்கொண்டிருந்தாள். மாமா பார்த்துவிட்டார். வெடிப்பில் ரத்தம்.

"என்னப்பா இது? மேல எண்ணெய், கீழ தண்ணி. நடுவுல இருந்த கிரீம் எங்கப்பா போச்சு?"

"ஆல்கஹாலை எடுத்துட்டோம்மா. உனக்காகத்தான் எடுக்கச் சொன்னேன்."

"எனக்காகவா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? பழைய டப்பா இருந்தா குடுங்க. இல்லேன்னா அடுத்த கம்பெனிக்காரனோடதை வாங்கிக்கிறேன். எனக்கு நாளைக்கு டியூட்டி இருக்கு."

பழைய டப்பா ஒன்றுகூட இல்லை. இல்லை மாமா வீட்டில் வேறு எப்படி இருக்கும்?

மறுநாள் அவர் கெமிஸ்டிடம் போனார். "அம்மா, அந்த மெழுகைத் திரும்பப் போட்டுடு."

"எடுன்னு கத்தினது நீங்கதானே? சார்கிட்ட நீங்களே சொல்லுங்க மாமா. நான் பக்கத்துல நிக்கிறேன், சிரிக்க மாட்டேன்."

நின்றாள். கொஞ்சம் சிரிக்கவும் செய்தாள்.

"சார், தப்பு என்னோடது. அந்தச் சாமான் இல்லாம கிரீமே இல்லை. என் பொண்ணு கையில ரத்தம் வருது."

"அய்யோ பாவம்" என்றார் முதலாளி, தேநீரை உறிஞ்சிக்கொண்டே. "அதுக்காக ஒரு இல்லையைக் குறைக்க முடியுமா? மார்க்கெட்டுல நம்ம மானம் என்னாகும்?"

"அவ அடுத்த கம்பெனி கிரீமை வாங்கப் போறா சார்."

தேநீர் கோப்பை மேஜையில் டக்கென்று இறங்கியது. "போஸ்டர்ல இருக்கிற கையா? அந்தக் கை அங்கே போகுமா? டேய் மேனேஜர்! மெழுகைப் போடச் சொல்லு, இப்பவே!"

ரத்தத்துக்கு இறங்காத மனசு போஸ்டருக்கு இறங்கிவிட்டது. கருணை எந்த வழியாக வந்தால் என்ன.

மாமா புது லேபிள் எழுதினார்: 'செட்டைல் ஆல்கஹால் உண்டு. அது மெழுகு. தோலைக் காயவைக்காது.' ஜென்மத்தில் முதல் 'உண்டு'. முதலாளி அதை முழுசாக அடித்துவிட்டு, 'புதியது! குலுக்கத் தேவையில்லை!' என்று எழுதிக்கொடுத்தார்.

மாமா முதல் டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோனார். மகள் தடவி, விரல்களை மெல்ல மடக்கி விரித்தாள்.

"இது நல்லா இருக்கேப்பா. இந்தத் தடவை எதை எடுத்தீங்க?"

"எதையும் எடுக்கலைம்மா" என்றார் இல்லை மாமா.