தூக்கினால் பெயர்ந்த கதவு

செந்துறையில் என் மாமனார் கட்டிய வீட்டில் தனியே வாழ்கிறேன். வாசற்கதவு வேங்கை மரத்தாலானது, கீல் கிடையாது. மேலும் கீழும் உள்ள மரக்குடுமிகள் நிலையின் குழிகளில் சுழலும். உளுத்த சட்டத்தை மாற்றி அதனைப் புதுப்பித்திருந்தேன்.

ஐப்பசி மழையில் நிலை ஊறிப் பருத்ததால் கதவின் மேல்விளிம்பு உரசியது. பொறுமையிழந்து, தச்சரை அழைத்து அதைச் சீவச் செய்தேன். வெயிலில் மரம் உலர்ந்தபின் கதவுக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி விழுந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை.

பங்குனியில் ஒருநாள் வந்த என் கொழுந்தனார், தாழிட்டிருந்த கதவின் வளையத்தைப் பற்றி விளையாட்டாகத் தூக்கி உலுக்கினார். மேலிருந்த இடைவெளியில் கதவு ஏற, கீழ்க்குடுமி குழியை விட்டு எழும்பியது. தாழ் நீக்க வந்த எனக்கு ஓரடி முன்னால் கதவு சரிந்து விழுந்தது.

"அய்யய்யோ அண்ணி! அடி பட்டுச்சா?" என்று அலறியவர், நான் மூச்சுவிடுவதற்குள், "இந்தக் கட்டைய வித்துப்புட்டு இரும்புக் கதவு போடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றார்.

"மழையில சீவச் சொன்னது நானு. கதவு என்ன பண்ணும்? விக்கணும்னா என்னைய வித்துருங்க தம்பி."

"உங்களை யாரு வாங்குவா?"

"அப்ப நாங்க ரெண்டு பேரும் இங்கேயே இருந்துக்கறோம்."

மறுநாளே மேல்நிலையின் அடியில் வேங்கைப் பட்டி ஒன்றைப் பொருத்தி, அந்த இடைவெளியைக் குறைக்கச் செய்தேன். இப்போதெல்லாம் மழைக்காலத்தில் கதவு எவ்வளவு உரசினாலும், மரம் உலரும்வரை தச்சரின் சீவும் இழைப்புளியை அதன் அருகில் விடுவதில்லை. கொழுந்தனார் வந்து தட்டினால், தாழ் நீக்குமுன் உள்ளிருந்தே சொல்கிறேன்:

"முதல்ல தூக்கிப் பாருங்க தம்பி. பெயர்ந்துச்சுன்னா இரும்புக் கதவு போட்டுக்கலாம்."