ஆடு தும்மிய இடம்

இந்த உலகத்தில் ஒரே நகரத்தைத் தினமும் மூன்று தடவை கட்டி முடிப்பவர் எங்கள் மாமா ஒருவர்தான். காலை ஒன்பதரைக்கு முதல் கல்லை வைப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் கோட்டைச் சுவர் எழும்பிவிடும். ராஜாக்களுக்கு இருபது வருஷம் பிடித்த வேலை. பாவம், அவர்களிடம் மாமாவின் கறுப்புக் குடை இல்லை.

அம்மாவின் தம்பியான அவர், இடிந்து கிடக்கும் பழைய நகரத்தின் வடக்கு வாசலில் வழிகாட்டி. சட்டையில் அடையாள வில்லை, கையில் குடை. என்ன வெயிலானாலும் அதை விரிக்க மாட்டார்; கல்லைக் காட்டுவதற்கு மட்டும்தான். இன்னொரு விசித்திரமும் உண்டு. நகரம் உண்டான கதை எதையும், யார் சொன்னது என்று சொல்லாமல் தொடங்க மாட்டார். "இது தண்ணி தூக்குறவங்க சொன்னது" என்றால், ஊற்றைக் கண்ட ராணி அங்கேயே நகரம் கேட்டு அடம்பிடித்த கதை. "இது கொத்தனாருங்க சொன்னது" என்றால், அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கமாகச் சுவர் எழுப்பிக்கொண்டே போய் முட்டிக்கொண்ட கதை. அவசரக்காரர்களுக்கு அரை நிமிஷக் குதிரைக் கதை. அது குதிரைக்காரர்கள் சொன்னது.

"உண்மையா பொய்யான்னு எனக்குத் தெரியாதுங்க. சொன்னவங்க யாருன்னு தெரியும்" என்பார்.

படித்தவர்கள் சொன்ன கதை தன்னிடம் ஒன்றுகூட இல்லை என்று ஒரு நாள் அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட எனக்கு உடனே எழுத்தார்வம் பொங்கிவிட்டது. முதல் ராஜா ஓர் ஆட்டை அவிழ்த்துவிட்டார், அது மூன்று முறை தும்மிய இடத்தில் நகரம் பிறந்தது என்று கோணல் கையெழுத்தில் எழுதி, தாளை டீயில் நனைத்துக் காயவைத்து, அவர் பழைய புத்தகக் கடையில் வாங்கிவந்த தடிப் புத்தகத்துக்குள் செருகினேன்.

மாமா அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டு மாதம் "இது படிச்சவங்க சொன்னது" என்று தொடங்கி, ஆட்டுக்குப் பதிலாகத் தானே தும்மிக் காட்டினார். நான் சிரித்தது முதல் வாரம்தான். அதன் பிறகு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒரு நாள் கூட்டத்தில் தொல்பொருள் அதிகாரி ஒருவர் நின்றிருந்தார். எந்த நூல் என்று கேட்டார். மாமா பெருமையாக உறையை நீட்டினார். அதிகாரி பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "டீ வாசனை அடிக்குதே" என்றார். கூட்டமே சிரித்தது. வில்லையை ஒரு மாதத்துக்குப் பிடுங்கிக்கொண்டார்கள். இன்னொரு தடவை புளுகினால் திரும்பவே கிடைக்காது என்றும் சொன்னார்கள்.

அது யார் வேலையாக இருக்கும் என்று அம்மா குடைந்தபோது, "விசாரிக்காம சொன்னது என் தப்புதான்க்கா" என்று மாமா சொன்னதோடு சரி. அவர் செருப்பைத் துடைத்துவைத்தேன். சட்டையைத் தேய்த்தேன். விரிக்கவே விரிக்காத குடையின் கம்பிகளுக்கு எண்ணெய் போட்டேன். மாமா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வில்லை திரும்பக் கிடைத்த அன்று கூடவே போய், கூட்டத்தின் கடைசியில் ஒளிந்து நின்றேன். மூன்று கதைகளும் முடிந்தன. முன்பே ஒரு தடவை வந்திருந்த சிறுமி, ஆடு தும்மின கதை எங்கே என்று கேட்டாள்.

"இருக்கும்மா. போன தடவை, யார் சொன்னதுன்னு தெரியாம சொல்லிட்டேன்." மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "இது, விரிக்காத குடைக்கு எண்ணெய் போட்டவங்க சொன்னது."

குடையைத் திருப்பிக் கைப்பிடியை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டதும் போய்ச் சிறுமியின் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து, கதை கேட்க வந்தவரைப் போல என்னை நிமிர்ந்து பார்த்தார்.