வைக்கோல் படப்புக்குப் பின்னால் ஓர் ஆர்மோனியம்

1. கார்டு வந்த நாள்

பிள்ளைகளே, நான் ஐந்தாம் வகுப்பு படித்தவன். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை. மற்ற நேரத்தில் முழுக்க முழுக்கப் பாட்டாகவே நாடகம் எழுதுவேன். யுத்தத்துக்கு முந்தி, மதுரையில் இருந்த ஒரு டைரக்டருக்கு நாடகம் ஒன்று அனுப்பினேன். அடைத்த மடையைத் திறக்கச் சொல்லி ஒரு குடியானவப் பெண் ராஜாவிடம் முறையிடும் கதை.

பதில் கார்டு வந்தது: "படுதா வேண்டாம், ஆர்மோனியம் வேண்டாம். பட்டப்பகலில் களத்துமேட்டில் நடத்துவோம். உங்கள் பாட்டைப் பாடமாட்டார்கள், பேசுவார்கள். சம்மதமா?"

எனக்குக் கோபம். "ஆர்மோனியம் கேட்டால்தான் எங்கள் சனங்கள் உட்காருவார்கள்" என்று எழுதினேன்.

"உங்கள் பாட்டு தானாக நிற்குமா, ஆர்மோனியத்தில் சாய்ந்துதான் நிற்குமா? வீட்டில் ராகமில்லாமல் வாசித்துப் பாருங்கள்" என்றது மறு கார்டு.

உங்கள் அம்மாவிடம் வாசித்தேன். முறையீடு நாற்பது வரி. மொச்சை உரித்துக்கொண்டே கேட்டவள், "அங்கன பயிரு காயுது. இவ ராசாவோட மீசைய வருணிச்சுக்கிட்டு நிக்கிறா. கூறு இருக்கா அவளுக்கு?" என்றாள்.

பன்னிரண்டு வரியாக்கி அனுப்பினேன். "அந்த அம்மாளுக்கு என் வணக்கம்" என்று டைரக்டர் எழுதினார்.

2. துண்டு

மார்க்கையன்கோட்டையில் நாடகம். ஆர்மோனியம் வைக்கமாட்டேன் என்று கார்டில் வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனாலும் பயம். நாடகம் படுத்துவிட்டால் என் எழுத்தை எவரும் தொடமாட்டார்கள். டைரக்டருக்குத் தெரியாமல் ஆர்மோனியக்காரரை வைக்கோல் படப்புக்குப் பின்னால் உட்காரவைத்தேன். நான் தோளில் கிடக்கும் துண்டைத் தூக்கினால் அவர் வாசிக்கவேண்டும். நாடகம் தொடங்கியதுமே கூட்டத்திலிருந்து கேலி கிளம்பியது.

"ஏலே, ஆர்மோனியப் பெட்டிக்காரக எங்கலே? காச்சல்ல படுத்துட்டாகளா?"

"ராசா வந்துட்டாக, படுதாவைத்தான் காணோம்!"

ஒரே சிரிப்பு. என் கை துண்டுக்குப் போனது. அப்போது குடியானவப் பெண்ணாக நடித்தவர் பேசத் தொடங்கினார்:

"மடைக்கு அப்பால் தண்ணீர்; மடைக்கு இப்பால் என் வயல்;
தடையாய் நிற்பது பலகையல்ல, ராஜா, உன் ஒரு சொல்."

சிரிப்பு நின்றது. பன்னிரண்டு வரியும் முடிந்ததும் முன்வரிசையில் பயிர் வைக்கும் சம்சாரி ஒருவர் எழுந்துவிட்டார். "தெறந்து விடுங்கய்யா! அந்தப் புள்ள கேக்குதுல்ல?"

என் முகமெல்லாம் வேர்வை. துண்டை எடுத்தால் ஆர்மோனியம் கிளம்பிவிடுமே என்று கடைசிவரை துடைக்கவில்லை.

3. கடைசிக் கார்டு

செய்த தப்பை எழுதி மன்னிப்புக் கேட்டேன். பதில் வந்தது: "வந்ததுமே பார்த்துவிட்டேன். வெயிலில் இருந்த ஆர்மோனியக்காரருக்கு மோர் கொடுத்தனுப்பியதே நான்தான். நீங்கள் துண்டைத் தூக்கவில்லை. அது போதும்."

அன்று கற்றதைச் சொல்கிறேன்: எழுத்து தன் காலில் நிற்கிறதா என்று ஊருக்குக் காட்டுமுன் வீட்டில் வாசித்துப் பார்த்துவிட வேண்டும். இப்போது எழுதிய இதையும் உங்கள் அம்மாவிடம் வாசித்தேன். பாதியை வெட்டச் சொல்லிவிட்டாள், வெட்டிவிட்டேன்.