வலது கண்ணைக் கொடுத்து மீண்டார் என் கணவர்

அந்தப் புரட்டாசியில் என் கணவரின் முகத்தில் வலப்பக்கம் மரத்துப்போனது. சாப்பிடும்போது கன்னத்தைக் கடித்து ரத்தம் வந்தால்கூட அவருக்குத் தெரியவில்லை.

எங்களுக்குப் பிச்சாட்டூர் பக்கத்தில் ஒரு கிராமம். குவைத்தில் பல வருஷம் கார் ஓட்டியவர், சர்க்கரை வியாதியோடுதான் திரும்பினார். பிறகு தடாவில் கம்பெனி வேன் ஓட்டினார்.

சைனஸ் என்று ஒருவர் மாத்திரை கொடுத்தார். பல்தான் காரணம் என்று இன்னொருவர் பிடுங்கினார். எட்டாம் நாள் வலது கண் வீங்கி மூடிக்கொண்டது. மூக்கில் கறுப்பாக ஒழுகியது. நான் உடைந்துபோனேன். திருப்பதி பஸ்ஸில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏழுமலையானே, இது இன்னா நோவுன்னு சொல்றதுக்காவது ஒரு ஆளைக் காட்டு" என்று வழியெல்லாம் கேட்டேன்.

காட்டினான். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் அவர் வாயைத் திறந்து பார்த்தார். மேலண்ணத்தில் கறுப்புத் திட்டு. டாக்டரின் முகம் மாறியது. உடனே மூக்குக்குள் கேமராக் குழாய் விட்டு, சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். சாயங்காலமே தெரிந்துவிட்டது. பூஞ்சை. மூக்கில் பிடித்து, எலும்பை அரித்து, கண்ணுக்கு ஏறியிருந்தது.

"கண்ணு ஏற்கெனவே செத்துப்போச்சும்மா. எடுக்கலைன்னா மூளைக்குப் போயிடும். நாளைக்குன்னு தள்ளாதீங்க" என்றார் டாக்டர்.

இவர் சம்மதிக்கவில்லை. "ஒத்தக் கண்ணை வச்சிக்கினு இருந்தா எவன்டி எனக்கு வண்டி குடுப்பான்? ஊட்டுக்குப் போலாம் வா."

வராந்தாவுக்கு வந்தேன். எதிரே மலை. அவர் கண்ணைக் காப்பாற்று என்று கேட்கத்தான் கை கூப்பினேன். வாயில் வந்தது வேறு. "ஆளை எனக்குக் குடு, சாமி. நான் சொன்னா அவரு கேக்கணும்."

உள்ளே போய் அவர் கையைப் பிடித்தேன். "வண்டி போனாப் போவட்டும்யா. நம்ம பொண்ணு நைனான்னு கூப்புட்டா இன்னாம்மான்னு கேக்க நீ இரு. அது போதும்."

அவர் வீங்கிய கண்ணைத் தடவிப் பார்த்தார். பிறகு, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார்.

கண்ணை எடுத்தார்கள். அழுகிய எலும்பைச் சுரண்டினார்கள். வாரக்கணக்கில் நரம்பில் மருந்து ஏறியது. ஏறும்போதெல்லாம் குளிர்காய்ச்சல் மாதிரி உடம்பு தூக்கிப்போடும். சிறுநீரகம் கெடாமல் இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மூளையை எட்டவில்லை என்று கடைசி ஸ்கேனில் தெரிந்த அன்று டாக்டரின் காலைப் பிடித்தேன். அவர் என்னைத் தூக்கி நிறுத்தி, "அந்தப் பக்கம் கும்பிடும்மா" என்று மலையைக் காட்டினார்.

இருவரும் திருமலைக்குப் போய் முடி கொடுத்தோம். கண் போனதற்காக இன்றும் சில நாள் அழுகிறேன். அவனிடமேதான் அழுகிறேன்.

இவர் இப்போது வேர்க்கடலை பயிரிடுகிறார். சுற்றுப்பட்டு ஊர்களில் சர்க்கரைக்காரர் யாருக்காவது முகம் வீங்கியதென்று கேள்விப்பட்டால் போதும், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தன் முகத்தைக் காட்டி, பஸ் ஏற்றிக் கூடவே போவார்.

உங்களுக்கும் துன்பம் வந்தால் அவனிடம் கேளுங்கள். கேட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். வழியிலும் அவன் கேட்பான்.