படுத்தால் தெரியாத கனம்

சபையில் எழுந்து பேச எனக்கு வாய் வராது. அதனால் எழுதித் தருகிறேன், அன்பானவர்களே.

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லொறிக்குக் கொழுந்துச் சாக்கு ஏற்றுகிறவன் நான். கலியாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. பேச்சு வாங்கியது என் மனைவி எஸ்தர்தான். கொழுந்து நிறுக்கும் இடத்தில், "ஒம் புருசன் சாக்குச் சாக்காத் தூக்குறாரு, ஒரு புள்ளயத் தூக்கக் காணோமே!" என்று சிரிப்பார்களாம். அவளைச் சோதித்த டாக்டர்கள் குறை இல்லை என்றார்கள். அதன்பிறகும் ஏச்சு அவளுக்குத்தான்.

1997இல் நான் தோட்டத்து மருந்துக்காரரிடம் போனேன். வெட்கத்தில் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் படுத்துவிட்டேன். கையால் பார்த்து, "ஒண்ணுமில்லப்பா, போ" என்றார். ஆனால் சாக்குத் தூக்கும்போது இடது விதைப்பக்கம் கனக்கும். படுத்தால் போய்விடும். அதைச் சொல்லாமலே திரும்பினேன்.

ஜெபித்தும் களைத்துப்போனேன். "ஆண்டவரே, பிள்ளை கேட்டு அலுத்துவிட்டது. என் வாயையாவது திறந்துவிடும்" என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த வருஷம் எஸ்தர், "ஏங்க, கண்டி ஆஸ்பத்திரிக்கு ஒருக்காப் போயிட்டு வந்துருவோம்" என்றாள். அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். பழக்கத்தில் கட்டிலில் ஏறப்போனேன். அப்போது என்னையறியாமல் வாய் திறந்தது.

"ஐயா, படுத்தா அது இருக்காதுங்க."

"பின்னை ஏன் காணும் படுக்கிறீர்? எழும்பி நில்லும். சாக்குத் தூக்கேக்க முக்கிறமாதிரி மூச்சை அடக்கி முக்கும்."

முக்கினேன். அவர் விரலுக்கு வீக்கம் தட்டுப்பட்டது. பிறகு களிம்பு பூசி ஒரு கருவியை வைத்தார். கத்தி இல்லை, ஊசி இல்லை. நான் முக்கும்போதெல்லாம் இரத்தம் திரும்பி ஓடும் சத்தம் மழைநாளில் தண்ணீர் பாயும் கான் மாதிரி கேட்டது.

"கை சொன்னதை மெஷினும் சொல்லுது. விதைப்பக்கத்து இரத்த நரம்பு வீங்கிக் கிடக்கு. பிள்ளை இல்லாததுக்கு அதுதான் காரணமாயிருக்கும். ஒப்பரேஷன் செய்யலாம். ஆனா பிள்ளை நிச்சயமெண்டு சொல்லேலாது."

வெளியே நின்ற எஸ்தரிடம், "கொற எங்கிட்டதான் புள்ள" என்றேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எத்தனை வருஷத்து அழுகையோ.

ஒப்பரேஷன் முடிந்து, காத்திருந்து, நம்பிக்கை தேய்ந்த பிறகு எங்கள் மகள் பிறந்தாள். கர்த்தருக்கே ஸ்தோத்திரம்.

இன்றும் சாக்குத் தூக்கி ஓய்ந்துதான் வீட்டுக்கு வருகிறேன். மகள் வந்து தோளில் ஏறிக்கொள்கிறாள். பிள்ளைக்காக ஏங்கும் சகோதரர்களே, மனைவியை மட்டும் அனுப்பாதீர்கள். ஜெபித்துவிட்டு நீங்களும் போங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். கர்த்தர் உங்கள் வாயைத் திறப்பார். நீங்கள் எழுந்து நில்லுங்கள்.