அண்டாவை நிறுக்க மறந்தவள்

என் விசிட்டிங் கார்டில் இருக்கிற பதவியை ஒரே மூச்சில் சொல்ல எனக்கே வராது. சஸ்டெயினபிலிட்டி ஹெட். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் ஆறு வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீரோ கரண்டோ சோறோ, எதுவும் வீணாகக் கூடாது. வீணானால் பழி எனக்கு. லைனில் இருப்பவர்கள் என்னை 'கிரீன் மேடம்' என்பார்கள். நான் அந்தப் பக்கம் இல்லாதபோது வேறு பெயரும் உண்டு. அதை எழுத மாட்டேன்.

நான் வருகிறேன் என்று தெரிந்தால் போதும், ஏசி ரிமோட் டிராயருக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பேப்பர் கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் கப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு "குட் மார்னிங் மேடம்" என்பார், சாயங்காலம் நாலு மணிக்கு. மேலே இருப்பவர்களுக்கு நான் தண்டச் செலவு, கீழே இருப்பவர்களுக்கு நச்சரிப்பு. வீட்டுக்காரர் மட்டும் என்ன, நான் செருப்பைக் கழற்றும்போதே ஓடிப்போய் பாத்ரூம் லைட்டை அணைத்துவிட்டு, "வாங்க, ஆடிட்டுக்கு வீடு ரெடி" என்பார். சிரிப்பேன். சில நாள் சிரிக்க முடியாது, போய்ப் படுத்துக்கொள்வேன்.

என் திட்டங்களும் லேசுப்பட்டவை அல்ல. ஒரே காரில் நாலு பேர் வாருங்கள் என்றேன். வந்தார்கள். மூன்றாவது நாள் நாலு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் சைக்கிளில் வரலாமே என்றேன். கன்டெய்னர் லாரிகள் பறக்கிற ரோடு அது. யூனியன்காரர் ஒருத்தர் என் ரூமுக்கே வந்து, "எங்க மேல உங்களுக்கு இன்னா மேடம் கோவம்?" என்று கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை.

அதனால்தான் கேன்டீன் திட்டம் பலித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. மதியச் சாப்பாடு முடிந்தால் எங்கள் கேன்டீனில் மிச்சம் மீதி நாலு நீல டிரம் நிறையும். தட்டு கழுவுகிற இடத்தில் ஒரு எடை மெஷினை வைத்தேன். மேலே ஒரு போர்டு மாட்டி, அன்றன்று வீணானதை எழுதினேன். முதல் இரண்டு வாரம் நானே டிரம் பக்கத்தில் திருவிழா போலீஸ் மாதிரி நின்றேன். "சாப்பிட முடியாதுன்னா ஏம்மா வாங்குன?" என்று எத்தனை பேரைக் கேட்டிருப்பேன்! நாலு டிரம் மூன்றானது, இரண்டானது, கடைசியில் ஒன்றே ஒன்று, அதுவும் பாதி.

ஹெட் ஆபீஸில் வருஷா வருஷம் ஒரு ஃபேக்டரிக்குப் பரிசு கொடுப்பார்கள். அந்த வருஷம் எங்கள் கேன்டீனைப் பார்க்க வெள்ளிக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. என் துறையை ஹவுஸ்கீப்பிங்கோடு சேர்த்துவிடலாம் என்று அப்போது ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பரிசு வந்தால் துறை பிழைக்கும், நானும் பிழைப்பேன். வேறு எதற்காகவும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் பன்றிப் பண்ணைக்காரர் வந்தார். வாலாஜாபாத் பக்கத்திலிருந்து தினமும் குட்டியானை வண்டியில் வந்து முந்தின நாள் டிரம்களை எடுத்துப்போகிறவர். என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மேடம், என் வயித்துலதான் அடிக்கிறன்னு பாத்தா, பன்னி வயித்துலயும் அடிக்கிறியே!"

"டிரம் கொறஞ்சா நல்லதுதானேண்ணா?"

"கொறையட்டும், வேணான்னு சொல்லல. அதுல சோறே இல்லியே! கறிவேப்பில, முருங்கக்கா சக்க, வாழப்பழத் தோலு. பன்னி இன்னா விரதமா இருக்குது? சோறு எங்க மேடம் போச்சு?"

"எல்லாம் வயித்துக்குள்ள போயிடுச்சு," என்றேன் பெருமையாக.

"இத்தினி பேர் துன்ற எடத்துல ஒர்த்தருக்குக் கூடவா சோறு மிஞ்சல? என் வூட்ல ஆறே பேரு, டெய்லி மிச்சம் கீது."

சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மனுஷன் கேட்டது நியாயமான கேள்வி. சக்கை இருக்கிறது, தோல் இருக்கிறது, சோறு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

எங்கள் கேன்டீனில் நாலு பேட்ச்சாகச் சாப்பிடுவார்கள். நான் எப்போதும் முதல் பேட்ச், பதினொன்றரைக்கு, மேனேஜர்கள் டேபிளில். அன்றைக்குப் பசியை அடக்கிக்கொண்டு ஒன்றே முக்காலுக்குக் கடைசி பேட்ச்சோடு வரிசையில் நின்றேன். அசெம்பிளி லைன் பெண்கள், பாதிப் பேர் சுங்குவார்சத்திரம் ஹாஸ்டல்களில் தங்கியிருப்பவர்கள். கவுன்ட்டரில் கரண்டி அண்டாவின் அடியைச் சுரண்டுகிற சத்தம் தூரத்திலேயே கேட்டது. என் தட்டில் அரைக் கரண்டி சோறு விழுந்தது. எனக்குப் பின்னால் பத்துப் பேர் போனதும் அதுவும் தீர்ந்தது. "உப்புமா வருது, அஞ்சு நிமிஷம்," என்றார் பரிமாறுகிறவர். இருக்கிறதே அரைமணி நேர பிரேக்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் பாக்கெட்டிலிருந்து பிஸ்கட்டை எடுத்து ரசத்தில் தோய்த்தாள். சின்ன உருவம், வேலைக்குப் புதுசு போல, பேச்சு தென்காசிப் பக்கம்.

"டெய்லி இப்படித்தானாம்மா?"

"டெய்லின்னு இல்ல மேடம். சாம்பார் சாதம் போடுத அன்னைக்கு எல்லாருக்கும் வந்துரும்."

"யார்ட்டயும் சொல்லலியா?"

"சூப்பர்வைசர்ட்ட சொன்னோம். கிரீன் மேடம் ஆர்டராம், சோறு வேஸ்ட் ஆகக் கூடாதாம்லா. அந்தம்மாவுக்கென்ன, மொத பந்தியில உக்காந்து..." சொல்லிக்கொண்டே வந்தவள் என் கழுத்தில் தொங்கின அடையாள அட்டையைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கு அந்த அரைக் கரண்டி சோறும் இறங்கவில்லை.

எழுந்து நேராகச் சமையல் கான்ட்ராக்ட் மேனேஜரிடம் போய்க் கத்தினேன். "யாரைக் கேட்டு அரிசியைக் குறைச்சீங்க?"

அவர் பச்சைக் குழந்தை மாதிரி முழித்தார். "நீங்கதான மேடம் சொன்னீங்க, டிரம்முல ஒரு பருக்கை இருக்கக் கூடாதுன்னு? நெறைய வடிச்சா மிஞ்சுது. மிஞ்சினா போர்டுல எழுதிடுறீங்க. அதான் கம்மியா வடிக்கிறோம்."

தினமும் டிரம்மை நிறுத்தேன். அண்டாவை ஒரு நாளாவது நிறுத்தேனா? இரண்டு பட்டம் வாங்கின எனக்கு அது தோன்றவில்லை, பன்றி மேய்க்கிறவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஃபேக்டரி தலைவரிடம் போய்ச் சொன்னேன். கெட்ட மனுஷர் இல்லை. பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் விடுங்க மேடம். அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும். சனிக்கிழமைலேர்ந்து அண்டா நெறைய வடிக்கச் சொல்லிடலாம். மூணு நாள்தான?"

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் சீட்டுக்கு வந்து அதை யோசித்தேன். மூன்று நாள்தானே, உப்புமா என்ன விஷமா, துறையே போய்விட்டால் அப்புறம் அந்தப் பெண்களுக்காகப் பேச யார் இருப்பார்கள் என்றெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். நாலு மணி மீட்டிங்கில் என் வயிறு போட்ட சத்தத்தில் எதிரே இருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு கேட்டுக்கு வெளியே போய் இரண்டு வடையை நின்ற நிலையில் தின்றேன். இரண்டாவது வடையைப் பாதியில் நிறுத்தினேன். பசித்ததும் நான் மீட்டிங்கிலிருந்து எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பெண்கள் இதே பசியோடு ஓவர்டைம் முடிகிறவரை லைனில் நிற்க வேண்டும். எழுந்து வர முடியாது.

புதன்கிழமை காலையில் சமையல்கட்டில் போய் நின்றேன். "பழையபடி வடிங்க. மிஞ்சட்டும், நான் பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை ஹெட் ஆபீஸ்காரர்கள் வந்தார்கள். போர்டில் முந்தின நாள் கணக்கு 'இரண்டரை டிரம்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒருத்தர் "இன்ட்ரஸ்டிங்" என்று சொல்லி நோட்டை மூடினார். அப்போதே தெரிந்துவிட்டது. பரிசு வேறு ஊர் ஃபேக்டரிக்குப் போனது. பழைய டயரில் மயில் செய்து வைத்தார்களாம். நன்றாக இருக்கட்டும். என் துறையைப் பற்றிய பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை.

அன்றைக்கு அவர்கள் போனபிறகு, கடைசி பேட்ச் சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் டிரம் பக்கத்தில் நின்றிருந்தேன். தென்காசிப் பெண் தட்டோடு வந்தாள். தட்டில் ஒரு பிடி சோறு மிச்சம். என்னைப் பார்த்ததும் சட்டென்று திரும்பிப் போய் உட்கார்ந்து, அதை அவசர அவசரமாக வாயில் அடைக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, அவளுக்கும் எனக்கும். கிட்டே போனேன்.

"வயிறு நெறஞ்சிடுச்சா?"

வாய் நிறையச் சோறோடு தலையை ஆட்டினாள்.

அவள் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டுபோய், மீதியை நானே டிரம்மில் கொட்டினேன்.