முப்பத்துநாலு கொண்டை ஊசிகள்

கஜனியின் வேலை ஊசி எண்ணுவது என்று அவள் கணவன் பிரியந்தன் சொல்வான். அதில் பாதி உண்மை. ஒரு பாலே நடனக்காரியின் கொண்டைக்கு முப்பத்துநாலு ஊசி போகும். ஆட்டம் முடிந்ததும் முப்பத்துநாலும் தகரப் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். ஒன்று குறைந்தால் அது மேடையில் கிடக்கிறது என்று பொருள். கால்விரல் நுனியில் நிற்கும் ஒருத்திக்குக் கீழே கொண்டை ஊசி கிடந்தால் என்ன ஆகும் என்பதை றூத் முதல் நாளே சொல்லித் தந்தாள். சொல்லிவிட்டுக் காலுறையை இறக்கித் தன் கணுக்காலைக் காட்டினாள். நீளமான தழும்பு. றூத் ஒரு காலத்தில் ஆடியவள். இப்போது கஜனி வேலை செய்யும் பாலே அரங்கின் தலையலங்காரப் பிரிவுக்குப் பொறுப்பாளர்.

"ஊசி எண்ணுறதுக்கு ஒரு யூனியன். நாங்கள் நாள் முழுக்க பலட் எண்ணுறம், எங்களை நாயும் தேடாது" என்பான் பிரியந்தன். அவனுக்குப் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில், சாமான் ஏற்றிய பலகைத் தட்டுகளை எண்ணும் வேலை.

"நீங்கள் எண்ணுற பலட் ஒருத்தியின்ர காலுக்குள்ள ஏறாதுதானே."

"ஏறினா கால் இராது."

அவர்களுடைய பேச்சு பெரும்பாலும் இந்த அளவில் முடிந்துவிடும்.

கஜனி இருபத்திரண்டு வயதில் ரொறன்ரோவுக்கு வந்தவள். முதல் மூன்று வருடம் சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாம் மாடியில், ஐந்து பேர் இருந்த ஒற்றை அறை வீட்டில். பிறகு கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலை. தையல் இயந்திரத்தின் அதிர்வு கைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதை விட்டுவிட்டு மல்வேர்னில் ஒரு பேஸ்மென்ரில் மணப்பெண் அலங்காரம் பழகினாள். பன்னிரண்டு வருடம் கலியாணங்கள், பெண் பிள்ளை பெரியவளாகும் சாமத்தியவீடுகள். சனி ஞாயிறுகளில் விடிய மூன்று மணிக்கு எழும்பி எத்தனையோ பெண்களின் தலையில் பூவும் சவுரியும் வைத்துத் தைத்தாள். அவளுடைய கொண்டை மண்டபத்திலிருந்து வீடு போகும்வரை அசையாது என்று ஸ்காபரோவில் பெயர் இருந்தது. நாற்பத்திரண்டு வயதில் கல்லூரியில் தலையலங்கார மாலை வகுப்பு ஒன்றுக்குப் போனாள். அங்கே படிப்பித்தவர் இவள் பெயரை அரங்குக்குக் கொடுத்தார்.

அங்கே அவள் பெயர் 'கூப்பிட்டால் வருபவர்கள்' பட்டியலில் இருந்தது. காலையில் தொலைபேசி அடித்தால் மத்தியானம் டவுன்ரவுணில் நிற்க வேண்டும். அடிக்காவிட்டால் அன்று வேலை இல்லை. நாலு வருடம் தொலைபேசியைக் குளியலறைக்கும் கொண்டு போனாள். கோயிலில் பூசை நடக்கும்போதும் அது மடியில் இருந்தது. அந்த மாசி மாதத்தில் ஒரு செய்தி வந்தது. பிரிவில் நிரந்தரமாக இருந்த ஒரு இத்தாலியப் பெண் ஆனியில் ஓய்வு பெறுகிறாள். அந்த இடத்துக்கு இரண்டு பேர். கஜனி ஒருத்தி, ஒரு போலந்துக்காரி மற்றவள்.

"இந்த ஆட்டப் பருவம் முடியும்வரை உன் பேரில் ஒரு குறையும் பதிவாகாமல் இருக்கட்டும். மிச்சத்தை நான் பார்க்கிறேன்" என்றாள் றூத்.

அந்த மாசியில் மேடையேறியது ஒரு புதுப் பாலே. கதை சின்னது. கடற்கரை ஊர், கலியாண நாள், மாப்பிள்ளை வரவில்லை. பெண், மாப்பிள்ளையோடு ஆட வேண்டிய சோடி நடனத்தைத் தனியே ஆடுகிறாள். அவன் இடுப்பைப் பிடித்துத் தாங்க வேண்டிய இடத்தில் பிடிப்பதற்கு யாரும் இல்லை. அவள் ஒற்றைக் காலில் தானாகவே நிற்க வேண்டும். கலியாணத்துக்கு வந்திருந்தவர்கள் முதலில் இதைப் பகிடி என்று நினைத்துக் கை தட்டுகிறார்கள். பிறகு தட்டுவதை நிறுத்துகிறார்கள். இந்தத் தனி ஆட்டம் பதினான்கு நிமிடம். அடுத்த பாதியில் அவளுக்குப் புத்தி தடுமாறுகிறது. கடைசிக் காட்சியில் தன் கையால் கொண்டையை அவிழ்த்துவிட்டுத் தண்ணீரை நோக்கி நடக்கிறாள்.

அந்தப் பாத்திரத்துக்கு மூன்று பேர் பழகினார்கள். முதலாமவளுக்கு ஒன்பது ஆட்டம், இரண்டாமவளுக்கு நாலு. மூன்றாமவள் சுலக்சனா. மட்டக்களப்புப் பெற்றோருக்கு மல்வேர்னில் பிறந்தவள், வயது இருபத்தொன்பது, பத்து வருடமாகப் பின்வரிசையில் ஆடியவள். அவளுக்குக் கிடைத்தது ஒரேயொரு வியாழக்கிழமை மத்தியானம்.

அந்த அரங்கில் கஜனியை அன்ரி என்று கூப்பிட ஒருத்திதான் இருந்தாள்.

"அன்ரி, மெதுவா. தலை முழுக்கப் புண்" என்றாள் சுலக்சனா, அந்த வியாழன் கதிரையில் இருந்ததும்.

கஜனி முடியைப் பிரித்துப் பார்த்தாள். இரண்டு கிழமை ஒத்திகையில் ஒரே இடத்தில் ஊசி குத்தி, ஸ்பிறே அடித்து, பிடரித் தோல் சிவந்து உரிந்திருந்தது.

"இதோட என்னெண்டு ஆடப்போறாய்?"

"ஆடுறது பிரச்சினை இல்லை. டிரெக்டர் சொல்றார், ஐ'ம் டூ நீற்றாம், எல்லாம் அளவுக்கு மிஞ்சிச் சரியாம். வலி தெரியேல்லையாம். இவ்வளவு வலியோட இருக்கிறன், தெரியேல்லையாம்." அவள் சிரித்தாள். "நீங்கள் எவ்வளவு கலியாணம் பார்த்திருப்பீங்கள். மாப்பிள்ளை வராத கலியாணம் பார்த்திருக்கிறீங்களா?"

"ஒண்டு. ஒரு பாங்க்வெற் ஹோலில."

"அந்தப் பொண்ணு அழுதாவா?"

"இல்லை. என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அக்கா, பின்னுக்கு நல்லா இருக்கோ எண்டு கேட்டுக்கொண்டிருந்தது. பிடரியைத் தடவித் தடவிப் பார்க்கும். நாலு மணி வரைக்கும் அதுதான்."

"பிறகு?"

"பிறகு நான் ஊசியைக் கழட்டினன்."

கஜனி ஸ்பிறேயை எடுத்தாள். புண்ணில் பட்டதும் பெண்ணின் தோள் இரண்டும் தூக்கிக்கொண்டன. கஜனியின் கைப்பையில் சின்னப் போத்தலில் தேங்காயெண்ணெய் இருந்தது. குளிர்காலத்தில் வெடிக்கும் அவள் விரல்களுக்கு வைத்திருந்தது. ஆடுபவர்களின் மேல், கொடுத்த சாமான் தவிர வேறெதுவும் பூசக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. சுவரிலும் எழுதி ஒட்டியிருந்தது. வேறொருத்தியாக இருந்தால் பையைத் திறந்திருக்க மாட்டாள். எண்ணெய் வெளியில் மைனஸ் பத்துப் பாகைக் குளிரில் வந்து வெள்ளையாக உறைந்திருந்தது. ஊசியின் வளைவால் கொஞ்சம் தோண்டிப் பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் வைத்தாள். சுலக்சனா கண்ணை மூடி மூச்சு விட்டாள்.

"அம்மான்ர மணம்" என்றாள்.

அதற்கு மேல் கஜனி கொண்டை போட்டாள். முப்பத்துநாலு ஊசி. பிடித்து ஆட்டிப் பார்த்தாள். கல்லுப்போல் இருந்தது.

ஸ்காபரோவில் அவள் அலங்கரித்த பெண்கள் ஓரிடத்தில் குந்தியிருப்பார்கள். உறைந்த எண்ணெய் அவர்கள் தலையில் அப்படியே கிடக்கும். மேடை விளக்குகளுக்குக் கீழே வியர்த்து, தலைச்சூடு ஏறி, நிமிடத்துக்கு முப்பது தரம் சுழலும் ஒரு தலையில் அது என்ன செய்யும் என்று அவள் யோசிக்கவில்லை.

பக்கத்திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் எட்டு நிமிடமும் பெண் சரியாகத்தான் ஆடினாள், இயக்குநர் சொன்னதுபோல. பிறகு வலப்பக்கம் சுழன்று நின்றபோது பிடரியில் ஒரு கற்றை சரிந்தது. கஜனி அதைக் கண்டாள். அவளுக்கு உடனே விளங்கியது. ஒரு ஊசி விளக்கில் மின்னி விழுந்தது. இசைக்குள் அதன் சத்தம் கேட்கவில்லை.

சுலக்சனாவின் கை பிடரிக்குப் போனது. சிரிப்பு முகத்திலேயே இருந்தது. கற்றையை எடுத்துச் செருகினாள். மாப்பிள்ளை தாங்க வேண்டிய இடம் வந்தது. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, ஒரு கையை இல்லாதவனை நோக்கி நீட்டி, மற்றக் கையால் முடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த சுழற்சியில் மற்றப் பக்கமும் போனது. மூன்று ஊசி, நாலு ஊசி. முடி முகத்தில் அடித்து வாயோரம் ஒட்டிக்கொண்டது. எடுக்கவில்லை. திரும்பவும் பிடரியைத் தடவினாள். சுற்றி நின்ற விருந்தினர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், பின்னுக்கு நல்லா இருக்கோ என்று கேட்பவளைப்போல. கை தட்ட வேண்டியவர்கள் இரண்டு தாள அடி முந்தியே நிறுத்திவிட்டார்கள். அரங்கில் இருமிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்தினார்கள். மாப்பிள்ளை வரமாட்டான் என்பது கதைப்படி அவளுக்கு இன்னும் தெரியாது. பார்த்திருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கஜனி விழுந்த ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் காந்தத் துடைப்பத்தால் மேடையைக் கூட்டினார்கள். நாலு ஊசி கிடைத்தது. தலையில் இருபத்தொன்பது. ஐந்தாவதை றூத் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பின்வரிசைப் பெண் ஒருத்தியின் சப்பாத்துத் தோலில் குத்திக்கொண்டிருந்ததாம். காலில் படவில்லை.

ஆட்டம் முடிந்து இயக்குநர் அறைக்கே வந்துவிட்டார். அவர் கண் சிவந்திருந்தது. அந்த முடி யாருடைய யோசனை என்று கேட்டார்.

"எங்கள் இரண்டு பேருடையதும்" என்றாள் சுலக்சனா, ஆங்கிலத்தில்.

அவளுக்கு இன்னொரு ஆட்டம் தருவதாகச் சொன்னார். ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு. முடி அப்படியே விழட்டும் என்றார். போகும்போது கஜனியின் கையையும் பிடித்துக் குலுக்கினார். நாலு வருடத்தில் முதல் தரம்.

கதவு சாத்தியதும் சுலக்சனா திரும்பினாள். "என்ன நடந்தது, அன்ரி?"

"எண்ணெய். இளகிப்போச்சு."

"ஓ மை கோட்." சாத்திய கதவைப் பார்த்தாள். "சொல்லப்போறீங்களா?"

"றிப்போர்ட்டில காரணம் எழுதோணும்."

"நாங்கள் பிளான் பண்ணினது எண்டு எழுதுங்கோ. உங்கட ஜொப் தப்பும். எனக்கும் நல்லம். எண்ணெய் எண்டு சொன்னா, இட்ஸ் அன் அக்சிடென்ற். பத்து வருசம் காத்திருந்து நான் ஆடினது எண்ணெய்தான் ஆடினது எண்டு ஆயிடும்."

"ஊசி அஞ்சு மேடையில கிடந்தது, பிள்ளை."

"ஒருத்தரும் விழேல்லையே."

"பிளான் எண்டு எழுதினா, அந்த ஞாயிறும் நான் அஞ்சு ஊசியை மேடையில போடோணும். ஆரின்ர காலுக்குள்ள ஏறும் எண்டு பார்த்துப் போட ஏலுமே?"

சுலக்சனா கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள். மையெல்லாம் வழிந்திருந்தது. கஜனி பஞ்சை எடுத்து நீட்டினாள். அவள் வாங்கவில்லை.

படிவத்தில் நாலு கட்டங்கள். போட்ட ஊசி முப்பத்துநாலு. தலையில் திரும்பியது இருபத்தொன்பது. மேடையில் ஐந்து. காரணம் என்ற கட்டத்தில், தேங்காயெண்ணெய், நான் வைத்தது, ஆடியவருக்கு இதில் பங்கில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். றூத் அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"இதை நான் மேலே அனுப்பத்தான் வேண்டும்" என்றாள்.

"தெரியும்."

எச்சரிக்கைக் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நிரந்தர இடம் போலந்துக்காரிக்கு என்று வெள்ளிக்கிழமை சொன்னார்கள். பிரியந்தன் கடிதத்தை வாசித்துவிட்டு, "எண்ணெய் வைச்சதுக்கு வோணிங். ஊரில எண்டா வைக்காட்டித்தான் பேச்சு விழும்" என்றான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டு, பால் விடாத பிளேன்ரீ போட்டுக் கொண்டுவந்து வைத்தான்.

மேடையில் முடியை விழ விடுவதற்கு றூத் மறுத்துவிட்டாள். இயக்குநர் வேறு வழி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். ஆட்டத்தைத் திருப்பி எடுப்பது அழகல்ல என்பதால் அது மட்டும் சுலக்சனாவிடம் இருந்தது.

அந்த ஞாயிறு காலை தொலைபேசி அடித்தது. "அவள் உன்னைத்தான் கேட்கிறாள். எண்ணெய் வீட்டில் இருக்கட்டும்" என்றாள் றூத்.

சுலக்சனா கதிரையில் இருந்தாள். வணக்கமும் இல்லை, ஹலோவும் இல்லை.

"இறுக்கிக் கட்டுங்கோ."

"நோகும்."

"நோகட்டும், அன்ரி."

அன்ரி என்ற சொல் வந்ததைக் கஜனி கவனித்தாள். இறுக்கிக் கட்டினாள். ஒவ்வொரு ஊசியும் தோலைத் தொட்டு ஏறியது.

எட்டாம் நிமிடம். வலப்பக்கச் சுழற்சி. சுலக்சனா நின்றாள். கை பிடரிக்குப் போனது. அங்கே ஒன்றும் அவிழ்ந்திருக்கவில்லை. அவள் இல்லாத கற்றையை எடுத்து இல்லாத இடத்தில் செருகினாள். ஒற்றைக் காலில் நின்று, வெறுங்கையை நீட்டி, மற்றக் கையால் தலையைப் பொத்திப் பிடித்தாள். சுழன்றபோது முகத்தில் ஏதோ அடித்ததுபோல் கண்ணைச் சுருக்கினாள். வாயோரத்தில் ஒட்டியிருந்ததை எடுக்காமல் விட்டாள். விருந்தினர்களை ஒவ்வொருவராகக் கேட்டாள். அவர்களுடைய கைகள் இரண்டு தாள அடி முந்தியே நின்றுபோயின. அதை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

பக்கத்தில் நின்ற மேடைத் தொழிலாளி காந்தத் துடைப்பத்தை இறுக்கிப் பிடித்துக் குனிந்து, தரையில் ஊசி தேடினான். கஜனி தானும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கியிருந்ததை உணர்ந்தாள்.

கடைசியில், தண்ணீருக்கு முன்னால், சுலக்சனா நடுவூசி ஒன்றை உருவினாள். ஒத்திகையில் போலவே கொண்டை அவிழ்ந்தது. உருவிய ஊசியைக் கைக்குள் பொத்திக்கொண்டு நடந்தாள்.

அறையில் கஜனி மிச்ச ஊசிகளைக் கழற்றித் தகரப் பெட்டிக்குள் போட்டாள். முப்பத்துமூன்று. சுலக்சனா கையை விரித்து ஒன்றைக் கொடுத்தாள். உள்ளங்கையில் அதன் அச்சுப் பதிந்திருந்தது.

"தலை வெடிக்குது, அன்ரி."

"வீட்டை போய் எண்ணெய் வை" என்றாள் கஜனி. படிவத்தை எடுத்து இரண்டு கட்டங்களில் முப்பத்துநாலு என்று எழுதினாள். தொலைபேசியைக் கைப்பையின் வெளிப்பக்கத்தில், அடித்தால் கேட்கும்படி வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.